ஒரே ரத்தம், ரிப்போர்ட்டில் இரண்டு வரி

கேட்டவர் கோவையில் நர்சிங் இறுதியாண்டு படிக்கிறார், அமெரிக்கா போகும் எண்ணம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். அவருடைய கேள்வி சுருக்கமாக இது: "அங்கே கறுப்பின மக்களுக்கு பிரஷர், கிட்னி ஃபெயிலியர், பிரசவ மரணம் எல்லாமே அதிகம் என்று படித்தேன். இனவெறிதான் காரணம் என்கிறார்கள். மரபணு, வறுமை, சாப்பாடு என்றால் புரிகிறது. இனவெறி எப்படி ஒருவருடைய கிட்னியைக் கெடுக்கும்? டாக்டர்கள் அத்தனை பேருமா நிறம் பார்த்து வைத்தியம் செய்கிறார்கள்?"

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நோய் ஏன் அதிகம் வருகிறது என்பது ஒன்று. வந்த பிறகு ஆஸ்பத்திரியில் என்ன நடக்கிறது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் அடியில் சொல்லாமல் விட்ட மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: கெட்ட எண்ணம் உள்ள ஆள் ஒருவர் இருந்தால்தானே அதை இனவெறி என்று சொல்ல முடியும்? அந்த மூன்றாவதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஏனென்றால் நானே அதில் ஒரு சாட்சி.

நான் சிறுநீரக மருத்துவர். மதுரையில் எம்பிபிஎஸ் முடித்து, கடந்த 18 ஆண்டுகளாக அமெரிக்காவின் தென் மாநிலம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். என் டயாலிசிஸ் நோயாளிகளில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். நாடு முழுவதும் பார்த்தாலும், மக்கள்தொகையில் சுமார் 13 சதவீதம் இருக்கும் இவர்கள் டயாலிசிஸ் நாற்காலிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கிறார்கள். 2023-ல் அமெரிக்க வெள்ளையரின் சராசரி ஆயுள் 78.4 ஆண்டு, கறுப்பினத்தவரின் ஆயுள் 74.0. நான்கு வருஷத்துக்கு மேல் இடைவெளி.

சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை நேரடியாக அளப்பது சிரமம். அதனால் ரத்தத்தில் கிரியாட்டினின் (தசையில் உண்டாகி, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) அளவை எடுத்து, வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து ஒரு கணக்குப் போடுவோம். வரும் விடைதான் இஜிஎஃப்ஆர். 1999-ல் வந்த கணக்கிலும், 2009-ல் அதைத் திருத்தி வந்த கணக்கிலும் கடைசியில் ஒரு பெருக்கல் ஒட்டிக்கொண்டிருந்தது. நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையைப் பெருக்கிக்கொள்ள வேண்டும், பழையதில் சுமார் 1.2-ஆல், புதியதில் 1.159-ஆல். லேப் ரிப்போர்ட்டில் இரண்டு வரி வரும். ஆப்பிரிக்க அமெரிக்கர் என்றால் இவ்வளவு, இல்லையென்றால் இவ்வளவு. நான் இங்கே வந்த புதிதில் என் சொந்த ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தேன். என் நோயாளிகளில் பலரைவிட நான் கறுப்பு. எனக்கு எந்த வரி? இரண்டாவது வரிதான். தோலின் நிறம்கூட கணக்கில் இல்லை, பதிவுப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் விழுந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. சிரித்துவிட்டு மறந்துவிட்டேன். அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் அதே கணக்கை வைத்துத்தான் நானும் வைத்தியம் பார்த்தேன்.

அந்தப் பெருக்கல் என்ன செய்யும் என்று பாருங்கள். மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புப் பட்டியலில், டயாலிசிஸ் தொடங்கும் முன்பே காத்திருப்பு நாட்களைச் சேர்க்க ஆரம்பிக்க வேண்டுமானால், இஜிஎஃப்ஆர் 20 அல்லது அதற்குக் கீழே இறங்க வேண்டும். ஒரே கிரியாட்டினின், ஒரே வயது, இரண்டு ஆண்கள். வெள்ளைக்காரருக்கு 18 என்று வருகிறது, அவர் பட்டியலுக்குள் போய்விடுவார். கறுப்பினத்தவருக்கு அதே 18, 1.159-ஆல் பெருகி 21 ஆகிவிடும். அவர் வெளியே நிற்பார். நோய் அதிகம் இருக்கும் கூட்டத்துக்கு "உனக்கு நோய் அவ்வளவு முற்றவில்லை" என்று சொல்லும் கணக்கு இது.

என்னிடம் வந்துகொண்டிருந்த ஒருவர், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், இப்படித்தான் 21-ல் நின்றார். "இன்னும் நேரம் இருக்கிறது, ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம்" என்று நான் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். அதற்குள் டயாலிசிஸ் தொடங்க வேண்டியதாயிற்று. 2021 செப்டம்பரில் அமெரிக்கச் சிறுநீரக அமைப்புகளின் கூட்டுக் குழு இனம் சேர்க்காத புதிய கணக்கைப் பரிந்துரைத்தது. 2023 ஜனவரியிலிருந்து, பழைய கணக்கால் பின்தள்ளப்பட்ட கறுப்பின நோயாளிகளின் காத்திருப்பு நாட்களை ஒவ்வொரு மாற்று அறுவை மையமும் பின்னோக்கித் திருத்த வேண்டும் என்று விதி வந்தது. அடுத்த ஒன்றேகால் ஆண்டுக்குள் 14,000-க்கும் மேற்பட்டோருக்கு நாட்கள் திருத்தப்பட்டன, சராசரியாக ஏறக்குறைய இரண்டு ஆண்டு. என் நோயாளிக்கும் கடிதம் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கோபப்படாமல், கணக்குச் சரிபார்க்கிற மாதிரி கேட்டார்: "அப்போ அந்த ரெண்டு வருஷம் இவ்வளவு நாள் எங்கே இருந்தது, டாக்டர்?" ஒரு பெருக்கலில் இருந்தது என்று சொன்னேன். வேறு பதில் என்னிடம் இல்லை. அவருக்கு எட்டு மாதத்தில் சிறுநீரகம் கிடைத்தது. பட்டியலுக்கு வெளியே நின்றபடியே இறந்துபோனவர்களுக்குக் கடிதம் எதுவும் போகவில்லை.

இதில் யார் கெட்டவர்? அந்தக் கணக்கை எழுதியவர்கள் நோயாளிகளுக்கு நல்லது செய்ய நினைத்தவர்கள்தான். அவர்கள் எடுத்த தரவில், சிறுநீரக வேலை ஒரே அளவாக இருந்தாலும் கறுப்பினத்தவரின் கிரியாட்டினின் சராசரியாகக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது உண்மை. "அவர்களுக்குத் தசை அதிகம்" என்று ஒரு விளக்கம் சொன்னார்கள். அதற்கான சான்று பலவீனமானது, ஆனாலும் இருபது வருஷம் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒன்றையும் மறைக்கக் கூடாது: பெருக்கலை எடுத்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. புதிய கணக்கு கறுப்பினத்தவருக்குச் சற்றுக் குறைத்தும் மற்றவர்களுக்குச் சற்றுக் கூட்டியும் காட்டுகிறது. விடை குறைந்தால் சில மருந்துகளின் அளவும் குறையும், அது எப்போதும் நோயாளிக்கு நல்லதல்ல. சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு பொருளையும் சேர்த்து அளந்தால் இனம் கேட்காமலே துல்லியம் கூடுகிறது. செலவு கொஞ்சம் அதிகம், எல்லா லேபிலும் உடனே கிடைப்பதில்லை.

சரி, நோய் ஏன் அதிகம் வருகிறது? மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஏபிஓஎல்1 என்று ஒரு மரபணு இருக்கிறது. அதன் இரண்டு மாற்று வடிவங்கள் சிறுநீரக நோயைக் கூட்டுகின்றன என்று 2010-ல் கண்டுபிடித்தார்கள். ஆப்பிரிக்கத் தூக்க நோய் உண்டாக்கும் ஒட்டுண்ணியிடமிருந்து காப்பதால் அந்த வடிவங்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் பெருகின. கறுப்பின அமெரிக்கர்களில் சுமார் 13 சதவீதம் பேரிடம் ஆபத்தான வடிவம் இரண்டு பிரதியாகவும் இருக்கிறது. இது உறுதி. ஆனால் அப்படி இரண்டு பிரதி உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் செயலிழப்பதில்லை, வேறு ஏதோ ஒன்று சேர வேண்டும். இன்னொன்று, எத்தியோப்பியர்களிடம் இந்த வடிவங்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அமெரிக்க ஆஸ்பத்திரியில் எத்தியோப்பியரும் நைஜீரியரும் ஒரே கட்டத்தில்தான் டிக் அடிக்கிறார்கள். மரபணு வேண்டுமென்றால் மரபணுவைச் சோதித்துப் பாருங்கள், தோலைப் பார்த்து ஊகிக்காதீர்கள் என்பதுதான் இதன் பொருள்.

பிரஷர் விஷயம் இன்னும் தெளிவு. அடிமைக் கப்பல்களில் உப்பைச் சேமித்த உடல்கள்தான் உயிர் பிழைத்தன, அதனால்தான் அவர்களின் சந்ததிக்குப் பிரஷர் என்று ஒரு கதை உண்டு. மருத்துவக் கல்லூரிகளிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். அதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது. 1997-ல் வெளியான ஒரு ஆய்வு, ஒரே முறையில் பயிற்சி பெற்றவர்களை வைத்து மூன்று இடங்களில் பிரஷர் அளந்தது. உயர் ரத்த அழுத்தம் மேற்கு ஆப்பிரிக்காவில் 16 சதவீதம், கரீபியத் தீவுகளில் 26, அமெரிக்காவில் 33. மூதாதையர் ஏறக்குறைய ஒரே பகுதிக்காரர்கள், எண்ணிக்கை இரண்டு மடங்கு. உடல் எடையும் உப்பும் இதில் பெரும்பங்கு. ஆனால் யாருக்கு என்ன சாப்பாடு, எந்தத் தெரு, எந்த வேலை கிடைக்கிறது என்பதை யார் முடிவு செய்தார்கள்? 1930-களில் அமெரிக்க அரசு அமைப்பு ஒன்று நகர வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளைச் சிவப்பில் குறித்து, அங்கே வீட்டுக்கடன் கொடுப்பது ஆபத்து என்று எழுதி வைத்தது. அப்பகுதிகள் பலவும் இன்றும் மரம் குறைந்தவை. 108 நகரங்களில் பார்த்ததில் அவை அதே நகரங்களில் சிவப்பு குறிக்கப்படாத பகுதிகளைவிடச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடியவை. ஆகவே "இனவெறி அல்ல, வறுமைதான்" என்று நீங்கள் சொன்னால், அந்த வறுமைக்கே ஒரு வரைபடம் இருந்தது என்றுதான் நான் பதில் சொல்வேன்.

வறுமை மட்டும் காரணமாக இருந்தால் பணமும் படிப்பும் வந்தவுடன் இடைவெளி மூடியிருக்க வேண்டும். பிரசவத்தில் அது நடக்கவில்லை. பிரசவம் என் துறை அல்ல, அதனால் அரசு எண்களோடு நிறுத்திக்கொள்கிறேன். 2023-ல் ஒரு லட்சம் பிரசவத்துக்கு இறந்த தாய்மார் வெள்ளையரில் 14.5, கறுப்பினத்தவரில் 50.3. 2007 முதல் 2016 வரையிலான கணக்கில், பட்டம் பெற்ற கறுப்பினப் பெண் பிரசவத்தை ஒட்டி இறக்கும் வாய்ப்பு, பட்டம் பெற்ற வெள்ளைப் பெண்ணைப்போல் 5.2 மடங்கு. பள்ளியே முடிக்காத வெள்ளைப் பெண்ணைவிடவும் அது 1.6 மடங்கு. டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2017-ல் பிரசவமான மறுநாள் மூச்சுத் திணறலோடு நர்ஸிடம் போய், எனக்கு நுரையீரலில் ரத்தக்கட்டு, சிடி ஸ்கேனும் ஹெப்பாரினும் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) வேண்டும் என்று சொன்னார். அவருக்கு ஏற்கெனவே ரத்தக்கட்டு வந்த அனுபவம் உண்டு. வலி மருந்தில் குழம்பிப் பேசுகிறார் என்று நர்ஸ் நினைத்தார். முதலில் காலுக்கு அல்ட்ராசவுண்ட்தான் எடுத்தார்கள். கடைசியில் சிடி எடுத்தபோது ரத்தக்கட்டுகள் இருந்தன. ஒரு சம்பவம் ஆதாரமாகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உலகமே அறிந்த, கையில் பணமுள்ள ஒருவர் நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் சொல்லியும் இப்படி என்றால், பெயர் தெரியாதவர் "ஏதோ சரியில்லை" என்று மட்டும் சொல்லும்போது என்ன ஆகும் என்று வார்டில் நின்றவர்களுக்குத் தெரியும்.

குழந்தையின் எடையைப் பற்றி 1997-ல் வந்த இல்லினாய் மாநில ஆய்வு ஒன்றை நான் மாணவர்களுக்கு எப்போதும் சொல்வேன். ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பெண்களின் குழந்தைகள், எடையில் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் குழந்தைகளைவிட வெள்ளைப் பெண்களின் குழந்தைகளுக்கு அருகில் இருந்தன. மரபணு காரணமென்றால் இது தலைகீழாக இருக்க வேண்டும். பின்னர் வந்த ஆய்வில், குடியேறியவர்களின் மகள்கள் அமெரிக்காவில் வளர்ந்து பிள்ளை பெற்றபோது அந்த அனுகூலம் தேய்ந்துபோயிருந்தது. குடியேறுபவர்கள் பொதுவாகவே ஆரோக்கியமானவர்கள் என்ற வாதம் இதில் கொஞ்சம் செல்லும், முழுவதும் செல்லாது.

வாழ்நாள் முழுக்க அவமதிப்பைத் தாங்கும் உடல் சீக்கிரம் தேய்கிறது என்ற கருத்தை ஆர்லீன் ஜெரோனிமஸ் 1992-ல் முன்வைத்தார். நியாயமான கருத்து, என் நோயாளிகளைப் பார்க்கும்போது நம்பத் தோன்றுகிறது. ஆனால் அந்தத் தேய்மானம் உடலுக்குள் எந்த வழியாக நடக்கிறது, எந்த ரத்தப் பரிசோதனையில் பிடிபடும் என்பது இன்னும் முடிவாகவில்லை. தோன்றுவதும் நிரூபணமானதும் வேறு.

இப்போது ஆஸ்பத்திரிக்குள் வருவோம். அட்லாண்டா நகரில் ஒரு அவசரப் பிரிவில் கை கால் எலும்பு முறிந்து வந்தவர்களைப் பார்த்தார்கள், 2000-ல் வெளியானது. வலி மருந்து கிடைத்தவர்கள் வெள்ளையரில் 74 சதவீதம், கறுப்பினத்தவரில் 57. வலி இருப்பதாகக் கேஸ் ஷீட்டில் இரண்டு பிரிவினருக்கும் ஒரே மாதிரிதான் எழுதியிருந்தது. 2016-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வெள்ளையின மருத்துவ மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் கேட்டபோது, பாதிப் பேர் குறைந்தது ஒரு பொய் நம்பிக்கையாவது வைத்திருந்தார்கள். கறுப்பினத்தவரின் தோல் தடிமன் என்பது அவற்றில் ஒன்று. இந்த நூற்றாண்டில், டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள்! அதிகமாக நம்பியவர்கள் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள்.

இதற்கு நேர் எதிரே உறுதியில்லாதவற்றையும் சொல்ல வேண்டும். ஃப்ளோரிடாவில் கறுப்பினக் குழந்தைகளைக் கறுப்பின மருத்துவர் பார்த்தால் மரண இடைவெளி பாதியாகிறது என்று 2020-ல் ஒரு ஆய்வு வந்து எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். நானும் ஒரு கூட்டத்தில் காட்டினேன். 2024-ல் அதே தரவை வேறு இருவர் மறுபடி பார்த்தபோது, 1,500 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகளைக் கணக்கில் சரியாகச் சேர்த்தால் அந்த விளைவு பெரும்பாலும் மறைந்துவிட்டது. ரொம்பக் குறை எடையில் பிறந்தவை வெள்ளையின மருத்துவர்களிடம் அதிகம் போய்ச் சேர்ந்திருந்தன, அவ்வளவுதான். 1999-ல் இன்னொன்று: நெஞ்சு வலி என்று நடித்துக் காட்டிய வீடியோக்களை வைத்து, கறுப்பினத்தவரை இதயப் பரிசோதனைக்கு அனுப்புவது 40 சதவீதம் குறைவு என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் அனுப்பப்பட்டது வெள்ளையரில் 90.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 84.7. வேறுபாடு இருந்தது, ஊதிவிட்டார்கள். அதிலும் குறைவு முழுக்கக் கறுப்பினப் பெண்களிடம்தான். இப்படிப்பட்ட தவறுகளைச் சுட்டிக்காட்டுவது இனவெறியை மறுப்பதாகாது. பலவீனமான சான்றை வைத்து வாதாடினால் பலமான சான்றும் சேர்ந்து அடிபடும். மருத்துவர்களுக்கு நடத்தும் மனச்சாய்வுப் பயிற்சி வகுப்புகளைப் பற்றியும் இதேதான். நானும் வருடா வருடம் உட்காருகிறேன், நோயாளிகளின் நிலை அதனால் மாறியதற்கு நல்ல சான்று குறைவு.

டஸ்கிகீ பற்றி நம் ஊரில் ஒரு தவறான செய்தி சுற்றுகிறது. அலபாமாவில் கறுப்பின ஆண்களுக்குச் சிஃபிலிஸ் கிருமியை ஊசி போட்டார்கள் என்று. அப்படி இல்லை. 1932-லிருந்து 1972 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, ஏற்கெனவே நோய் இருந்த 399 பேரை, நோய் இல்லாத 201 பேரோடு ஒப்பிட்டு வேடிக்கை பார்த்தது. 1947 வாக்கில் பென்சிலின் வழக்கமான மருந்தாகிவிட்ட பிறகும் கொடுக்கவில்லை. நோய் என்னவென்றும் சொல்லவில்லை. உண்மையே போதுமான அளவு கொடியது, கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

மாறவே மாறாது என்று நினைக்காதீர்கள். 1966-ல் மெடிகேர் (அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு) பணம் வேண்டுமென்றால் ஆஸ்பத்திரிகள் கறுப்பினத்தவரையும் ஒரே வாசலில் அனுமதிக்க வேண்டும் என்று நிபந்தனை வந்தது. மிசிசிப்பியில் அதன்பின் சில ஆண்டுகளிலேயே வயிற்றுப்போக்கிலும் நிமோனியாவிலும் இறந்த கறுப்பினக் குழந்தைகளின் எண்ணிக்கை சரசரவென்று இறங்கியது. யாருடைய மனமும் திருந்தக் காத்திருக்கவில்லை, ஆஸ்பத்திரிக் கதவு திறந்தது.

நீங்கள் நர்ஸாகப் போகிறீர்கள் என்பதால் கையில் எடுத்துப்போக இரண்டு விஷயம். ஒன்று, சிக்கிள் செல் (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவாகும் பரம்பரை நோய்) நோயாளி. வலி உச்சத்தில் அவசரப் பிரிவுக்கு வருவார், மார்ஃபின் அளவைத் தானே சொல்வார், உடனே "போதை மருந்துக்காக வந்திருக்கிறான்" என்ற முணுமுணுப்பு கேட்கும். அமெரிக்க வழிகாட்டுதல்படி வந்து ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் போயாக வேண்டும். இதைக் கறுப்பினத்தவர் நோய் என்று அங்கே சொல்வார்கள். இந்தியாவில் அதை முதலில் கண்டதே 1952-ல், உங்கள் ஊருக்கு மேலே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். மலேரியா இருந்த பல இடங்களில் அது இருக்கும்.

இரண்டாவது, விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர். சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் விரலுக்குள் பாய்ந்து எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை வைத்து ஆக்சிஜனைக் கணிக்கிறது. தோலின் கருமையும் ஒளியை உறிஞ்சும். வெளுத்த தோல்களில் அதிகம் சோதித்துச் சரிசெய்த கருவி என்பதால் கறுத்த தோலில் சில நேரம் கூட்டிக் காட்டும். 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்டார்கள்: கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது ரத்தத்தில் உண்மையில் 88-க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7. கோவிட் உச்சத்தில், ஆக்சிஜன் தருவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் எல்லா இடத்திலும் தீர்மானித்துக்கொண்டிருந்தோம். இது கறுப்பின அமெரிக்கர் பிரச்சினை மட்டுமல்ல. என் விரலுக்கும், உங்கள் வார்டில் படுத்திருக்கும் பலரின் விரலுக்கும் இதே கருவிதான். எண் 93 என்று இருந்து, நோயாளி மூச்சு வாங்கிக்கொண்டு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினால், விரலை மாற்றிப் பாருங்கள், கை சில்லிட்டிருந்தால் சூடாக்கிப் பாருங்கள். அப்புறமும் பொருந்தவில்லை என்றால் டியூட்டி டாக்டரை எழுப்பி ஏபிஜி (தமனி ரத்தத்தில் ஆக்சிஜனை நேரடியாக அளக்கும் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள்.